கணக்கெடுக்கப்படாத சொல்

ஒருவரை அடிக்கக் கை வேண்டும். ஏசுவதற்கு வாய் வேண்டும். கணக்கெடுக்காமல் விடுவதற்கு எதுவுமே வேண்டாம். பல வேளைகளில், செய்தவருக்கே தாம் ஒன்றைச் செய்தோம் என்று தெரியாது. அதனால்தான் அதைக் குற்றம் என்று நாங்கள் எண்ணுவதில்லை. நீதிமன்றத்தில் அதற்கு வழக்கு அரிது. பள்ளிவாசலில் அதைப் பற்றிய குத்பாவும் அரிது.

கல்முனைப் பக்கத்தில் ஒருவர் மகஜரோடு ஒரு காரியாலயத்துக்குப் போய்த் திரும்பி வருகிறார். வாசலில் நிற்கும் மனைவி "என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறாள். "நம்மளக் கணக்கெடுக்கல்ல" என்கிறார். அதற்கு மேல் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. ஏசியிருந்தால் கோபத்தோடு வந்திருப்பார். மறுத்திருந்தால் மேலிடத்துக்குப் போக வழி தேடியிருப்பார். இவருக்கு மோதிப் பார்க்கவும் ஒரு சுவர் இல்லை. இந்தக் கரையில் இப்படித் திரும்பி வந்த பல முகங்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் சிறு மனக்குறை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. கேளாமல் விட்ட சொல்லுக்கு இங்கே உயிரும் நிலமும் விலையாகப் போயிருக்கின்றன.

மருதமுனையில் தொடங்கி நிந்தவூர் வரை எங்கள் நிலம் ஒடுங்கியது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் வீட்டோடு வீடு ஒட்டிய ஊர்கள். பாண்டிருப்பும் காரைதீவும் தமிழ் ஊர்கள். கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் முஸ்லிம் ஊர்கள். பிரதான வீதியில் போகிறவருக்கு ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குவது தெரியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலுக்கும் தெரியவில்லை. அன்று ஞாயிறு, போயா தினம். எங்கள் நேரம் காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. கால் மணி நேரத்தில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் நிலநடுக்கம் பற்றிய முதல் அறிவித்தலை வெளியிட்டுவிட்டது. ஆனால் அந்த நிலையத்தின் பொறுப்பு பசிபிக் சமுத்திரத்தோடு நின்றது. இந்து சமுத்திரத்து நாடுகளுக்குச் சொல்ல அப்போது எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. அலை எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அத்தனை பேர் போகவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. எங்கள் ஊர்களில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. மூலைக்கு ஒரு பள்ளிவாசல், பள்ளிவாசலுக்கு ஓர் ஒலிபெருக்கி. ஜனாஸா அறிவித்தலா, காணாமல்போன பிள்ளையா, சந்தியில் நடக்கும் இரத்ததான முகாமா, ஐந்து நிமிடத்தில் ஊர் முழுவதும் கேட்டுவிடும். கோயில்களிலும் ஒலிபெருக்கி இருந்தது. பத்து நிமிடம் மேற்கே நடந்தால் வயல். இருந்த கருவி போதும், இருந்த நேரமும் போதும். அந்தக் கருவியில் சொல்ல வேண்டிய சொல் வந்து சேரவில்லை.

அதே காலை, புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவக் கிராமத்துக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்தார். தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டதும் ஊருக்கு அழைத்தார். ஊரவர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய அறிவு மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமான சனம் கரையை விட்டு ஓடிப் பிழைத்தது.

இந்தச் சம்பவத்தைத் தொலைபேசியின் வெற்றி என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு வேறொன்றுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு வாலிபன் வெளிநாட்டிலிருந்து அழைத்து "கடல் வருகிறது, ஓடுங்கள்" என்றால் எந்த ஊர் ஓடும்? அந்த மையம் அதற்கு முன் நாள்தோறும் அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையத்திலிருந்து எடுத்து அதே ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. மீனவர்கள் அதைக் கேட்டுத்தான் கடலுக்குப் போவதா இல்லையா என்று முடிவு செய்தார்கள். அந்தக் குரல் பொய் சொல்லாது என்பது ஒன்றும் நடக்காத நாட்களில் நிரூபணமாகி இருந்தது. ஆபத்து வந்த அன்று அவர்கள் புதிதாகக் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. கேட்டுப் பழகிய காது அன்றும் கேட்டது.

எங்களுக்கும் பிறகு ஏற்பாடுகள் வந்தன. 2005இல் இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. இப்போது எச்சரிக்கை முன்னதாகவே கைத்தொலைபேசிக்கு வருகிறது. ஆனால் 2024 நவம்பர் 26ஆம் திகதி, சுனாமிக்கு இருபது வருடம் நிறைய ஒரு மாதம் இருக்கையில், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் நடுவே மாவடிப்பள்ளியில் வெள்ளம் வீதியை மூடிப் பாய்ந்தது. மத்ரஸா முடிந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அந்த வெள்ளத்தில் இழுபட்டது. பிள்ளைகளின் ஜனாஸாக்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கடும் மழை பற்றிய எச்சரிக்கை நாட்கணக்காகச் சொல்லப்பட்டு வந்த வாரம் அது. அந்த வீதி மாரிதோறும் மூழ்கும் வீதி. இதில் யாருடைய பிழை எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எச்சரிக்கை வந்து சேர்ந்தால் மட்டும் போதாது என்பதை மட்டும் அந்தப் பிள்ளைகளின் பெயரால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிந்தவூருக்குத் தெற்கே உள்ள ஒலுவிலின் கதை இதைவிட மெதுவாக நடந்தது. மெதுவாக நடந்ததால் அதைத் தடுக்க நேரமும் அதிகம் இருந்தது.

ஒலுவிலில் ஒரு துறைமுகம் என்பது எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் கனவு. அவர் கப்பல்துறை அமைச்சராக இருந்த காலத்திலேயே அந்த முயற்சி தொடங்கியது. பிள்ளைகளுக்கு அதே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், தொழிலுக்குத் துறைமுகம் என்று அவர் இந்தக் கரைக்காக எண்ணியதில் எந்தக் கபடமும் இல்லை. அந்த எண்ணத்தை நான் இன்றும் மதிக்கிறேன். 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். டென்மார்க் கடனுதவியில் 2008இல் கட்டுமானம் தொடங்கி, 2013 செப்டம்பர் முதலாம் திகதி துறைமுகம் திறக்கப்பட்டது.

கடல் மண்ணை ஓரிடத்தில் வைத்திருப்பதில்லை. எங்கள் கரையில் அலை சாய்வாக அடிக்கும்போது மணல் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மாதத்தில் எடுத்ததை இன்னொரு மாதத்தில் கொண்டுவந்து போடும். இதைப் படித்தவர்கள் கரையோர மணல் நகர்வு என்பார்கள். கரைவலை இழுக்கிற தண்டயல் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் எந்த மாதத்தில் எந்த இடத்தில் வலை வளைக்கலாம், எங்கே மண் ஏறிக் கிடக்கிறது, எங்கே அடி ஆழமாகிவிட்டது என்று காலால் மிதித்து அறிந்தவர். கச்சான் காற்று வீசும்போது கடல் எப்படி நடக்கும், வாடை வந்தால் எப்படி மாறும் என்று அவருக்குத் தெரியும். அது வாப்பாவிடமிருந்தும் மூத்தவாப்பாவிடமிருந்தும் வந்த அறிவு.

துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல்லணைகள் நீண்டன. தெற்கிலிருந்து வந்த மணல் அணையில் முட்டித் தெற்குப் பக்கத்தில் குவிந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ஆனால் வடக்கே அலை வழக்கம்போல் எடுத்துக்கொண்டே இருந்தது. ஒலுவில் கரையில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, தோணி இழுத்து வைத்த இடம் கடலானது, மீன்வாடிகள் போயின, அரிப்பு நிந்தவூர் வரை ஏறியது. துறைமுகத்தின் வாயையும் மணல் அடைத்தது. கரைவலைக்காரர் கரையை இழந்தார்கள், ஆழ்கடல் படகுக்காரர் வாயில் அடைத்த துறைமுகத்துக்கு வெளியே நின்றார்கள். வாயைத் தோண்டு என்று ஒரு பக்கம் ஆர்ப்பாட்டம், முதலில் எங்கள் கரையைக் காப்பாற்று என்று இன்னொரு பக்கம் ஆர்ப்பாட்டம். ஒரே கடலை நம்பியவர்களை எதிரெதிரே நிறுத்தியது அந்தக் கட்டுமானம். காணி கொடுத்தவர்கள் நட்டஈட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். கொழும்பிலிருந்து அமைச்சர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள்.

இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். பொறியியலாளர் தன் வேலையைச் செய்தார். அரசியல்வாதி பிரதேசத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். கடன் கொடுத்த நாடு உதவி என்று நினைத்துத்தான் கொடுத்தது. எல்லோர் கண்ணும் பெரிய நன்மை ஒன்றில் இருந்தது: அபிவிருத்தி. காலில் மண் ஒட்டிய ஒருவர் அதன் நடுவில் வந்து எதையாவது சொன்னால் அது இடைஞ்சல். அவர் சொன்னது பொய் என்று எவரும் நிரூபிக்கவில்லை. அதை எடைபோட்டுப் பார்க்க யாரும் உட்காரவே இல்லை.

கேளாமல் விட்டதும், அதற்கு மாறாகக் கேட்டதும் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. அதையும் சொல்லியாக வேண்டும். பின்னர் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை நடத்திய ஸஹ்ரான் காசிமின் போக்கு ஆபத்தானது என்று காத்தான்குடி முஸ்லிம்கள் 2019க்கு வெகுமுன்பே முறையிட்டார்கள். 2017இல் அங்கே அவனது கூட்டத்தோடு மோதல் வெடித்தது. அந்த ஆண்டே அவன் தலைமறைவானான். ஆனால் முறையிட்டவர்களின் சொல்லை அதன் முழுக் கனத்தோடு எடுத்தவர் இல்லை. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து உளவுத் தகவல் வந்தது. அதுவும் மேசைக்கு மேசை போனது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், கிடைத்த தகவலைக் கொண்டு நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி உட்படப் பதவியில் இருந்தவர்கள் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கணக்கெடுக்காமல் விட்டது அப்படி அரிதாக ஒரு நீதிமன்றத்தின் முன் நின்றது.

தாக்குதல் நடந்த அதே 2019 ஏப்ரலில், 26ஆம் திகதி சாய்ந்தமருதில், புதிதாகக் குடிவந்தவர்கள் மீது ஊரவர்களுக்குச் சந்தேகம் வந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார்கள். இம்முறை அந்தச் சொல் கணக்கெடுக்கப்பட்டது, படையினர் வந்தார்கள், உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்க வைத்துத் தங்கள் பிள்ளைகளோடு மாண்டார்கள். அந்த வெடிமருந்து இன்னொரு தேவாலயத்துக்கோ பன்சலைக்கோ போகாமல் நின்றது சாய்ந்தமருதின் சாதாரண மனிதர்கள் வாய் திறந்ததால். காத்தான்குடியில் முறையிட்டவர்களும் அதே சாதாரண மனிதர்கள்தான். அவர்களைக் கேட்க வேண்டியவர்களுக்கு அதற்கு முன் அவகாசம் இருக்கவில்லை.

இவற்றையெல்லாம் யோசிக்கும்போது என் மனம் திரும்பத் திரும்ப ஓர் இடத்தில் போய் நிற்கிறது: குர்ஆனின் எண்பதாவது அத்தியாயம், ஸூரத்து அபஸ. எங்கள் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவில் சிறு வயதிலேயே மனனம் செய்யும் ஸூரா அது.

நபி (ஸல்) அவர்கள் மக்காவில் குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அவர்களைப் பின்பற்றும் பெருங்கூட்டம் நேர்வழிக்கு வரும் என்ற ஆசை. அந்த நேரத்தில் கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரழி) வந்து, எனக்குக் கற்றுத் தாருங்கள் என்று கேட்கிறார்கள். பேச்சு இடைமறிக்கப்படுகிறது. நபியவர்களின் முகம் சுருங்கி மறுபக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல்கூட வாயிலிருந்து வரவில்லை.

வந்தவர் பார்வையற்றவர், முகம் திரும்பியதை அவர் காணவில்லை. அவர் மனம் நோகக் காரணமே இல்லை. பாதிக்கப்பட்டவருக்கே தெரியாத ஒன்றுக்கு வஹீ இறங்கியது. அது தனியே சொல்லப்பட்ட கண்டிப்பாகவும் இருக்கவில்லை. மறுமை வரை ஓதப்படும் வேதத்தின் வசனமாக இறங்கியது. நபியவர்கள் அதை மறைக்கவில்லை, எல்லோருக்கும் ஓதிக் காட்டினார்கள். அல்லாஹ்விடம் கேள்வி கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று அறிய எனக்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அந்த ஸூரா காட்டித் தருகிறது. அங்கே முகம் திரும்பியது வெறுப்பினால் அல்ல. ஒரு பெரிய நன்மைக்காக. தலைவர்கள் வந்தால் சமூகமே வரும். இந்த ஒருவருக்குப் பிறகு சொல்லிக் கொடுக்கலாம் என்பதில் என்ன பிழை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைப்போம். ஒலுவிலில் நினைத்தது அதுதான். காரியாலயங்களில் நினைப்பது அதுதான். அந்தக் கணக்கைத்தான் இறைவன் ஏற்கவில்லை. தேடி ஓடி வந்தவரைப் பெரிய காரியத்தின் பெயரால் பிறகு என்று தள்ளிவைக்கும் உரிமை, உலகத்திலேயே மிகப் பெரிய காரியத்தைச் செய்துகொண்டிருந்தவருக்கும் கொடுக்கப்படவில்லை.

பிறகு நடந்தது எனக்கு மிகவும் பிடித்தது. மதீனாவில் பிலால் (ரழி) அவர்களோடு இப்னு உம்மு மக்தூமும் முஅத்தின் ஆனார்கள். நபியவர்கள் வெளியூர் போனபோது மதீனாவின் பொறுப்பையும் அவர்களிடம் கொடுத்துப் போனதுண்டு. நோன்பு காலத்தில் பிலாலின் அதான் ஸஹருக்கு. உணவை நிறுத்த வேண்டியது இப்னு உம்மு மக்தூமின் அதானுக்கு. கண் தெரியாதவர் ஆகையால், "சுபஹு ஆகிவிட்டது" என்று மற்றவர்கள் வந்து சொன்ன பிறகே அவர்கள் அதான் சொல்வார்கள். அவர் ஊரைக் கேட்டார். ஊர் அவரைக் கேட்டது. ஒரு காலத்தில் இடைமறித்த குரலாக இருந்தது ஒரு நகரத்தின் விடியலை அறிவிக்கும் குரலானது. கணக்கெடுத்தல் என்றால் என்ன என்பதை நான் அங்கேதான் முழுதாகப் பார்க்கிறேன். பாவம் என்று ஒருவருக்குக் கொஞ்சம் செவி கொடுப்பது அதில் சேராது. அவர் சொல்லை நம்பி ஊரின் ஒரு வேலையை நடத்துவதுதான் அது.

அரசாங்கத்தைக் குறை சொல்லி இதை முடித்துவிடலாம். முடிக்க மனம் ஒப்பவில்லை. எங்களிடம் தேடி வந்து, நாங்கள் முகம் திருப்பிய குரல் எது? முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டுக்குரியது. அது மணமகளின் கையொப்பத்தைக் கோரவில்லை. காதியாகப் பெண் இருக்க இடம் தரவில்லை. திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயதை நிர்ணயிக்கவில்லை. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். காணி உறுதியில் கையெழுத்து வைக்கும் அதே பெண்ணின் கை கல்யாணப் பதிவில் இல்லை. தாபரிப்புக்காகக் காதியிடம் அலையும் உம்மாமார் தங்கள் கதையை ஆண்டாண்டாகச் சொல்லி வருகிறார்கள். சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் ஸலீம் மர்சூஃப் தலைமையில் குழு அமைந்தது. 2018 ஜனவரியில்தான் அறிக்கை வந்தது, அதுவும் இரண்டு தரப்பாகப் பிரிந்து. ஒன்பது ஆண்டில் காதி நீதிமன்றத்தின் வாசலில் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணின் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகிவிட்டது.

இங்கேயும் கெட்டவர் இல்லை. "சமூகத்துக்கு வெளியிலிருந்து நெருக்கடி வரும் நேரம் இது, ஒற்றுமை முக்கியம், இதைப் பிறகு பேசலாம்" என்று சொன்னவர்கள் சமூகத்தை நேசிக்கிறவர்கள்தான். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு எங்கள் மீது விழுந்த நெருக்கடியும் உண்மை. ஆனால் குறைஷித் தலைவர்களின் சபையில் நடந்த கணக்கும் இதே கணக்கு. பெரிய நன்மை, பிறகு பார்க்கலாம், இப்போது நேரமில்லை. ஸூரத்து அபஸவைத் தொழுகையில் ஓதிவிட்டு, தேடி வந்த பெண்ணிடம் பிறகு வா என்று சொல்வது எங்களுக்கு ஆகாது. கரைவலைக்காரரின் சொல்லை அமைச்சர் கேட்கவில்லை என்று கோபப்படும் உரிமையையும் அது எங்களிடமிருந்து பறித்துவிடுகிறது.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் இருப்பவர்களைக் கண்டு பேசுங்கள். மாதத்தில் ஒரு கூட்டம், முறைப்பாட்டோடு வருகிறவர்கள் முதலில் பேசுகிற கூட்டமாக இருக்கட்டும். பெண்கள் வந்து உட்கார இடமும் இருக்கட்டும். சொன்னவரின் சொல்லைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் கொடுங்கள்; "முடியாது" என்பதுதான் பதில் என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள். மாநகர சபையிடமும் பிரதேச சபையிடமும் இதையே கேளுங்கள். முதல் கூட்டத்துக்கு ஒலுவில், நிந்தவூர்த் தண்டயல்மாரையும் காதி நீதிமன்றம் போய்வந்த பெண்களையும் நீங்களே போய் அழைத்து வாருங்கள்.